மாற்று உறுப்பும் மாறாத துணையும் – ஒரு வரலாற்றுப் பார்வை

காரைக்கால் மாவட்டத்துக் கடலோரத்தில் உள்ள மீனவர் ஊர்களில் ஒன்று கோட்டுச்சேரிமேடு. 1952-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இந்த ஊர் இந்திய ஆட்சியின் கீழ் இல்லை. இந்தியா விடுதலை பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியும் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடமே இருந்தது. இந்த ஊருக்குத் தலைநகரம் டெல்லி அல்ல, பாரிஸ்!

அதே மாதம் 24-ஆம் தேதி இரவு, பாரிஸில் கிறிஸ்துமஸ் மணி ஒலித்துக் கொண்டிருந்த நேரத்தில், அங்குள்ள நெக்கர் மருத்துவமனையில் ஒரு தாயின் சிறுநீரகத்தை எடுத்து அவருடைய பதினாறு வயது மகனுக்குப் பொருத்தினார்கள். உயிரோடு இருக்கும் உறவினர் ஒருவர் கொடுத்த சிறுநீரகத்தை வைத்து நடந்த முதல் மாற்று அறுவை சிகிச்சை என்று மருத்துவ வரலாறு இதைக் குறித்து வைத்திருக்கிறது.

உறுப்பு மாற்று சிகிச்சையின் வரலாறு என்றால் பொதுவாக மருத்துவர்களின் பெயர்கள்தான் வரும். யார் முதலில் செய்தார், எந்த நாட்டில் செய்தார், எத்தனை மணி நேரம் ஆனது என்று பட்டியல் நீளும். ஆனால் ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். உறுப்பைப் பெற்றவர் அதற்குப் பிறகு வாழ வேண்டியது பல ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவருக்குத் துணை நின்றவர்கள் யார்? அந்தக் கேள்வியோடு இதே வரலாற்றைப் படித்தால் வேறு ஒரு கதை கிடைக்கிறது.

ஒரு தாயும் பதினாறு வயது மகனும்

அந்தப் பையனின் பெயர் மாரியஸ் ரெனார். தச்சு வேலை கற்றுக் கொண்டிருந்தவன். உயரத்திலிருந்து விழுந்ததில் அவனுடைய வலது சிறுநீரகம் சிதைந்தது. இரத்தப்போக்கை நிறுத்த அதை அகற்றினார்கள். அதன் பிறகுதான் தெரிந்தது, பிறவியிலேயே அவனுக்கு இருந்தது அந்த ஒரே ஒரு சிறுநீரகம்தான் என்று.

இன்றாக இருந்தால் உடனே டயாலிசிஸ் செய்வார்கள். அன்று அந்த வசதி அங்கே இல்லை. "என்னுடையதை எடுத்துக் கொள்ளுங்கள்" என்று தாய் ஜில்பேர்த் மருத்துவர்களிடம் மன்றாடினார். மருத்துவர் ழான் ஹாம்பர்கரின் குழு அதற்குச் சம்மதித்தது. பொருத்தப்பட்ட சிறுநீரகம் உடனே வேலை செய்யத் தொடங்கியது. பிரெஞ்சுப் பத்திரிகைகள் தினமும் அவன் உடல்நிலையைச் செய்தியாக வெளியிட்டன.

மூன்று வாரம் எல்லாம் நன்றாக இருந்தது. அதன் பிறகு அவன் உடல் அந்தச் சிறுநீரகத்தை அந்நியப் பொருளாக எண்ணி நிராகரித்தது. 1953 ஜனவரி மாத இறுதியில் மாரியஸ் இறந்து போனான்.

ஆபரேஷனில் தவறு இல்லை. தாயின் அன்பிலும் குறை இல்லை. ஆனால் அதற்கு அடுத்த நாட்களைக் கடக்க உதவும் மருந்து எதுவும் அன்று உலகத்தில் இல்லை. உறுப்பு கிடைப்பது பாதி வழிதான் என்பதை வரலாறு இந்தப் பையனிடமிருந்துதான் முதலில் கற்றுக் கொண்டது.

இரட்டையரும் ஒரு செவிலியரும்

1954 நவம்பர் 1-ஆம் தேதி காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு எட்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 23-ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரே என்ற அறுவை மருத்துவர் வெற்றி பெற்றார். ரிச்சர்ட் ஹெரிக் என்ற 23 வயது இளைஞருக்கு அவருடைய சகோதரர் ரொனால்ட் சிறுநீரகம் கொடுத்தார்.

இந்த முறை உடல் ஏன் நிராகரிக்கவில்லை? இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த ஒத்த இரட்டையர். ஒருவரின் திசு மற்றவருக்கு அந்நியமே அல்ல. நிராகரிப்பு என்ற பிரச்சினையை முர்ரே தீர்க்கவில்லை, அது வராத ஒரு சூழலைத் தேர்ந்தெடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். (அவருக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது.)

இந்தக் கதையில் பலருக்கும் தெரியாத ஒரு பகுதி உண்டு. ஆபரேஷனுக்குப் பின் தன்னைப் பராமரித்த செவிலியரையே ரிச்சர்ட் பிறகு திருமணம் செய்து கொண்டார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். பழைய சிறுநீரக நோய் மீண்டும் வந்ததால் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் காலமானார். அந்த எட்டு ஆண்டுகள் வெறும் உயிர் பிழைப்பு அல்ல, ஒரு முழுக் குடும்ப வாழ்க்கை. மாற்று உறுப்பு பெற்ற இளைஞர் ஒருவர் "நோயாளி" என்ற பெயரைத் தாண்டி வாழ முடியும் என்பதற்கு முதல் சான்று அவர்தான்.

இதயம் துடித்தது, நுரையீரல் தோற்றது

எல்லோருக்கும் இரட்டைச் சகோதரர் இருப்பாரா? ஆகவே உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைத் தேடினார்கள். 1960-களின் தொடக்கத்தில் அசாதையோபிரின் என்ற மருந்தும் ஸ்டீராய்டு மருந்துகளும் பயன்பாட்டுக்கு வந்தன. உறவு இல்லாதவரின் சிறுநீரகமும் ஓராண்டுக்கு மேல் வேலை செய்ய ஆரம்பித்தது.

ஆனால் இது இருபக்கமும் கூரான கத்தி. எதிர்ப்பு சக்தியைக் குறைத்தால் உறுப்பு பிழைக்கும், ஆனால் கிருமிகளுக்கும் கதவு திறந்துவிடும். 1967 டிசம்பர் 3-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தார். இதயம் பெற்ற லூயி வாஷ்கான்ஸ்கி 18 நாட்கள் வாழ்ந்தார். புதிய இதயம் நன்றாகவே துடித்துக் கொண்டிருந்தது. அவரைக் கொன்றது நிமோனியா.

அந்த இதயத்தைத் தந்தவர் விபத்தில் சிக்கிய 25 வயதுப் பெண் டெனிஸ் டார்வால். அனுமதி கொடுத்தவர் அவருடைய தந்தை. டெனிஸின் சிறுநீரகம் ஒன்று, வெள்ளையரல்லாத பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பொருத்தப்பட்டது. நிறவெறி சட்டமாக இருந்த நாட்டில் இது நடந்தது என்பதை மறக்கக்கூடாது.

இந்தியாவும் இதில் பின்தங்கி நிற்கவில்லை. 1968 பிப்ரவரியில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சென் இதய மாற்று சிகிச்சை செய்தார். நோயாளி சில மணி நேரமே வாழ்ந்தார். உலகம் முழுவதும் இதே நிலைதான். இதயத்தைப் பொருத்தத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், பொருத்திய பிறகு காப்பாற்றும் வழி தெரியவில்லை. அதனால் 1970-களில் பெரும்பாலான மருத்துவமனைகள் இதய மாற்று சிகிச்சையையே கைவிட்டன.

மண்ணிலிருந்து வந்த மருந்து

திருப்பம் ஒரு பிடி மண்ணிலிருந்து வந்தது. நார்வே நாட்டின் ஹர்டாங்கர்விட்டா பீடபூமியில் எடுத்த மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து, சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தார் சைக்ளோஸ்போரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1978-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1983-இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி அளித்தது. அடுத்து ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்து டாக்ரோலிமஸ் வந்தது. இன்று மாற்று உறுப்பு பெற்றவர்களில் பெரும்பாலோர் சாப்பிடுவது இதைத்தான்.

உடலின் மொத்த எதிர்ப்பு சக்தியையும் அழிக்காமல், உறுப்பைத் தாக்கும் அணுக்களை மட்டும் பெருமளவு அடக்கி வைப்பதுதான் இந்த மருந்துகளின் சிறப்பு. இவை வந்த பிறகுதான் வாரக்கணக்கு ஆண்டுக்கணக்காக மாறியது.

ஆனால் ஒரு நிபந்தனை. மாத்திரையை வாழ்நாள் முழுவதும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும். வணிகவியல் மாணவர்களுக்கு இதைப் புரிந்து கொள்வது எளிது. ஆபரேஷன் ஒரு முறை செய்யும் மூலதனச் செலவினம். அதைக் கடன் வாங்கியோ நன்கொடை திரட்டியோ சமாளித்து விடுகிறார்கள். மருந்து, பரிசோதனை, பயணம் ஆகியவை ஆண்டுதோறும் வரும் வருவாயினச் செலவினம். எந்திரம் வாங்கப் பணம் இருந்து, அதை ஓட்டப் பணம் இல்லாத தொழிற்சாலை என்ன ஆகும்? அதுதான் பல குடும்பங்களில் நடந்தது.

நம் பக்கத்துக் கதை

இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சை நடந்தது தமிழ்நாட்டில்தான். இடம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, ஆண்டு 1971. அதன் பிறகு சென்னை ஒரு பெரிய மையமாக வளர்ந்தது. கூடவே ஒரு களங்கமும் வளர்ந்தது. வறுமையில் இருந்தவர்கள் சிறுநீரகத்தை விற்றார்கள். சென்னை வில்லிவாக்கத்துக்குக் "கிட்னிவாக்கம்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதைத் தடுக்க 1994-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. உறுப்பு விற்பனை குற்றம் ஆனது. மூளைச்சாவும் மரணம் என்று சட்டம் ஏற்றுக் கொண்டது. சட்டம் முதலில் பொருந்திய இடங்களில் ஒன்றியப் பகுதிகளும் அடங்கும். ஆகவே 1995-இல் அது நடைமுறைக்கு வந்தபோதே புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் பொருந்தியது. தமிழ்நாடு பின்னர் ஏற்றுக் கொண்டது.

சட்டம் வந்தும் விற்பனை நிற்கவில்லை. 2004 சுனாமியில் எல்லாம் இழந்து, சென்னை எர்ணாவூர் நிவாரணக் குடியிருப்பில் தங்கியிருந்த மீனவர் குடும்பப் பெண்கள் பலர் சிறுநீரகத்தை விற்றது 2007-இல் வெளியே வந்து நாட்டையே உலுக்கியது. பேசிய பணம் முழுதாகக் கைக்கு வரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவர்களைக் கவனிக்க யாரும் இல்லை. துணை இல்லாத மாற்று சிகிச்சையின் இன்னொரு முகம் இது. உறுப்பைப் பெற்றவருக்கு மட்டுமல்ல, கொடுத்தவருக்கும் பின்கவனிப்பு தேவை.

இதற்கு நேர்மாறான கதையும் தமிழ்நாட்டில் உண்டு. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த சஞ்சய் கந்தசாமி, பித்தநாளம் சரியாக அமையாமல் பிறந்த குழந்தை. 1998 நவம்பரில் டெல்லி அப்பல்லோ மருத்துவமனையில் அவருக்கு ஈரல் மாற்று சிகிச்சை நடந்தது. அப்போது வயது இரண்டுகூட நிறையவில்லை. ஈரலின் ஒரு பகுதியைக் கொடுத்தவர் தந்தை. இந்தியாவில் குழந்தைக்கு நடந்த முதல் வெற்றிகரமான ஈரல் மாற்று சிகிச்சை அது. அந்தக் குழந்தை பள்ளிக்குப் போனது, வளர்ந்தது, மருத்துவப் படிப்பு படித்து டாக்டரும் ஆனது! இந்தப் பெருமையில் மருத்துவர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அத்தனை ஆண்டுகள் மருந்து நேரம் பார்த்த பெற்றோருக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அடுத்தது 2008. திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற 15 வயது மாணவன் செப்டம்பர் 20-ஆம் தேதி விபத்தில் சிக்கி மூளைச்சாவு அடைந்தான். மருத்துவர்களான பெற்றோர் அசோகனும் புஷ்பாஞ்சலியும் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். போக்குவரத்துப் போலீசார் சாலையை ஒதுக்கித் தர, இதயம் பதினோரு நிமிடத்தில் முகப்பேரில் உள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. பெங்களூரைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு அது பொருத்தப்பட்டது. மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தானம் செய்வதற்கான அரசாணைகள் அந்த மாதத் தொடக்கத்திலேயே வந்திருந்தன. ஆனால் அரசாணையை மக்கள் மனதில் பதிய வைத்தது இந்தப் பெற்றோரின் முடிவுதான்.

இந்த நிகழ்ச்சியின் தாக்கத்தில் மலையாளத்தில் 'டிராபிக்' (2011), தமிழில் 'சென்னையில் ஒரு நாள்' (2013) ஆகிய படங்கள் வந்தன. இதயம் நேரத்துக்குப் போய்ச் சேருமா என்பதுதான் படத்தின் பரபரப்பு. சேர்ந்ததும் படம் முடிந்துவிடுகிறது, பார்த்தவர்கள் நிம்மதியாக எழுந்து வருகிறார்கள். ஆனால் உறுப்பைப் பெற்றவருக்குக் கதை அங்கேதான் ஆரம்பம்.

கொடுத்தவர்களுக்கு மரியாதை செய்யத் தமிழ்நாடு முன்வந்தது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23-இல் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். அந்தத் தானத்துக்குச் செய்யும் இன்னொரு மரியாதை, பெற்ற உறுப்பை வீணாக்காமல் காப்பது.

இளம் வயது ஏன் ஆபத்தான வயது?

சிறு குழந்தைக்கு அம்மா மாத்திரை கொடுத்துவிடுவார். நடுத்தர வயதுக்காரர் தானே பொறுப்பாகச் சாப்பிடுவார். நடுவில் இருப்பவர்கள்தான் சிக்கல். 17 முதல் 24 வயது வரை உள்ள காலத்தில்தான் மாற்று சிறுநீரகத்தை இழக்கும் ஆபத்து மிக அதிகம் என்று அமெரிக்கப் பதிவேடுகளை வைத்து நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது நாம் கல்லூரியில் படிக்கும் இதே வயது!

காரணம் என்ன? முதலில், பெற்றோர் கையிலிருந்து பொறுப்பு பிள்ளையின் கைக்கு மாறும் காலம் இது. குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது பழகிய மருத்துவரும் மாறிவிடுகிறார். இரண்டாவது, உடல் நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். "நல்லாத்தானே இருக்கேன், ஒரு நாள் விட்டா என்ன?" என்ற எண்ணம் வரும். நிராகரிப்பு பெரும்பாலும் சத்தம் போடாமல் தொடங்குகிறது. இரத்தப் பரிசோதனையில் மட்டுமே தெரியும்.

மூன்றாவது காரணம்தான் மிகவும் வேதனையானது. ஸ்டீராய்டு சாப்பிட்டால் முகம் வீங்கி உருண்டையாகும், பரு வரும். சைக்ளோஸ்போரின் சிலருக்கு முகத்தில் முடி வளரச் செய்யும், ஈறு தடிக்கும். டாக்ரோலிமஸ் கை நடுக்கம் தரலாம். அறுபது வயதில் இதை யாரும் பெரிதாக எடுத்துக் கொள்ள மாட்டார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் பையனுக்கும் வகுப்பில் ஒருவர் கிண்டல் செய்தால் போதும், மாத்திரை குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். ஒரு கேலிச் சொல் ஒரு சிறுநீரகத்தை அழிக்க முடியும் என்றால் மிகை அல்ல.

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து பார்த்தால்

கோட்டுச்சேரிமேட்டில் ஒரு பதினெட்டு வயது இளைஞர் சிறுநீரக மாற்று சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். முதல் மாதங்களில் வாரந்தோறும், சில நேரம் வாரம் இருமுறைகூட இரத்தப் பரிசோதனை வேண்டும். புதுச்சேரி ஜிப்மரில் 2012-இல் சிறுநீரக மாற்று சிகிச்சை தொடங்கியது. காரைக்காலிலிருந்து அங்கே போகச் சுமார் 130 கிலோமீட்டர். மாத்திரை சாப்பிடும் முன்பே இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே பஸ் ஏற வேண்டும். கூட ஒருவர் போக வேண்டும். கடலுக்குப் போகும் வீட்டில் அன்றைய தொழில் போகும். ஜிப்மரின் காரைக்கால் கிளை மருத்துவக் கல்லூரி 2016-இல் தொடங்கியது இந்த வட்டாரத்துக்கு நல்ல செய்தி என்றாலும், மாற்று சிகிச்சைக்குப் பிந்தைய கவனிப்புக்குச் சிகிச்சை செய்த இடத்தோடு தொடர்பு விட்டுப் போகக் கூடாது.

எல்லைக் கோடும் ஒரு பிரச்சினை. நான்கு பக்கமும் தமிழ்நாடும் கடலும் இருந்தாலும் காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்கு உரியது. சில கிலோமீட்டர் வடக்கே தரங்கம்பாடியில் இருப்பவருக்குக் கிடைக்கும் அட்டை இந்த ஊர்க்காரருக்குக் கிடைக்காது. 1954-இல் கொடி மாறியது, ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச் சென்ற எல்லை இன்றும் ஒரு நோயாளியின் செலவுக் கணக்கில் வந்து நிற்கிறது. வரலாறு என்பது பாடப் புத்தகத்தில் மட்டும் இருப்பதல்ல.

ஆனால் எல்லாத் துணையும் பணம் சார்ந்தது அல்ல. வீட்டிலும் ஊரிலும் வகுப்பிலும் செய்யக்கூடியவை பல:

1. காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துப் பார்ப்போம் என்று நாள் கடத்தக் கூடாது. உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். நாட்டு மருந்தோ கடையில் வாங்கும் வலி மாத்திரையோ கேட்காமல் கொடுக்கக் கூடாது.

2. காய்ச்சி ஆற வைத்த தண்ணீர், நன்றாக வெந்த சாப்பாடு. பம்ப்ளிமாஸ் பழம் டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடக் கூடியது, எனவே தவிர்க்க வேண்டும்.

3. சளி, இருமல், அம்மை உள்ளவர்கள் பாசத்தோடு பார்க்கப் போவதை விட, போகாமல் இருப்பதே உதவி.

4. "பாவம்" என்று ஓரம் கட்டக் கூடாது. 1978-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கென்றே விளையாட்டுப் போட்டி தொடங்கி, இன்று உலகப் போட்டியாக நடக்கிறது. ஓடியும் நீந்தியும் பதக்கம் வாங்குகிறார்கள். மருத்துவர் சம்மதித்த பிறகு படிப்பு, விளையாட்டு, வேலை எல்லாம் அவர்களுக்கும் உண்டு.

5. காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் போனில் "போட்டாச்சா?" என்று கேட்க ஒரு நண்பர் இருந்தால், அந்த நண்பரும் சிகிச்சைக் குழுவில் ஒருவரே. வராத நாட்களின் நோட்ஸைக் கொடுப்பதும் அப்படித்தான்.

மாரியஸ் ரெனாருக்குத் தாய் இருந்தார், மருந்து இல்லை. எர்ணாவூர்ப் பெண்களின் காலத்தில் மருந்து இருந்தது, சட்டமும் இருந்தது, ஆனால் கவனிக்க ஆள் இல்லை. சஞ்சய்க்கு மருந்தும் கிடைத்தது, துணையும் கிடைத்தது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது இல்லாமல் எது நடக்காது என்பது தெரிகிறது. மருந்து கண்டுபிடிக்கும் வேலையை விஞ்ஞானிகள் செய்து முடித்திருக்கிறார்கள். காப்பீட்டு எல்லைகளைச் சரி செய்வது அரசுகளின் வேலை. பக்கத்து பெஞ்சில் முகம் வீங்கி, மாஸ்க் போட்டு ஒருவர் வந்து உட்கார்ந்தால் எப்படி நடந்து கொள்வது என்பது நம் வேலை.